கலைச்சந்தையில் சமகாலக் கலை: வாங்காமல் பார்க்க வருபவரின் மதிப்புரை

பெரிய கலைச்சந்தைகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலோர் எந்தப் படைப்பையும் வாங்கப் போவதில்லை. அவர்கள் பார்ப்பதற்காக வருகிறார்கள். நானும் அப்படி வருபவன்தான். அதனால் இந்த மதிப்புரையில் விற்பனைத் தொகையை அளவுகோலாகக் கொள்ளாமல், சமகாலக் கலைஞர்களின் படைப்புகளை நம் கண்முன் எவ்வளவு நேர்மையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது இந்த ஏற்பாடு என்ற ஒன்றை மட்டுமே பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுணுக்கமான கைவேலை நிறைந்த படைப்புகளுக்குச் சந்தை மிக நல்ல இடம். அமைதியையும் நேரத்தையும் கேட்கிற படைப்புகளுக்கு அது பெரும்பாலும் அநீதி செய்கிறது. கலைஞர்களின் படைப்புகளை விற்கும் கலைக்கூடங்களில், தாம் எடுத்த அரங்கு முழுவதையும் ஒரே கலைஞருக்கு ஒதுக்குபவைதாம் இந்தக் குறையை ஓரளவேனும் ஈடுகட்டுகின்றன.

சந்தையின் இன்றைய வடிவம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் குறைகளும் விளங்கும். 1967-இல் ஹைன் ஸ்டூன்கே, ருடால்ஃப் ஸ்விர்னர் ஆகிய இரு கலைக்கூட உரிமையாளர்களும் 18 கலைக்கூடங்களை ஒன்றுசேர்த்து ஜெர்மனியின் கொலோன் நகரில் முதல் நவீனக் கலைச்சந்தையைத் தொடங்கினார்கள். 1970-இல் எர்ன்ஸ்ட் பையலர், ட்ரூடல் ப்ருக்னர், பால்ட்ஸ் ஹில்ட் ஆகிய மூவரும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொடங்கிய சந்தைக்கு 10 நாடுகளிலிருந்து 90 கலைக்கூடங்கள் வந்தன. அந்த முதல் ஆண்டிலேயே 16,000 பேர் பார்த்தார்கள். ஆர்ட் பாசல் எனப்படும் அந்தச் சந்தை 2002-இல் மயாமி பீச்சுக்கும், 2013-இல் ஹாங்காங்குக்கும், 2022-இல் பாரிசுக்கும் பரவியது. 2003-இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் கூடாரம் அமைத்துத் தொடங்கிய ஃப்ரீஸ் சந்தை, இன்று நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், சியோல் ஆகிய நகரங்களிலும் நடக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஏற்பாடு ஒன்றே: கலைக்கூடங்கள் சதுர மீட்டர் கணக்கில் வாடகை கொடுத்து, தற்காலிகச் சுவர்கள் எழுப்பிய அரங்கை எடுத்துக்கொள்கின்றன, ஒரு வாரத்துக்கும் குறைவான நாள்களில் அந்த வாடகையையும், போக்குவரத்து, காப்பீடு, ஆட்களின் பயணச் செலவையும் விற்பனையிலிருந்து மீட்டாக வேண்டும். ஓர் அரங்கில் ஏழெட்டுக் கலைஞர்களின் படைப்புகள் தோளோடு தோள் உரசி நிற்பதற்கும், எங்கும் ஒரே மாதிரியான வெள்ளொளி கொட்டுவதற்கும் காரணம் இந்தக் கணக்குத்தான்.

அந்த ஒளியும் நெருக்கமும் எந்தப் படைப்புக்கு நன்மை செய்கின்றன என்பதற்கு எல் அனட்சுயியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1944-இல் கானாவில் பிறந்து, 1975 முதல் நைஜீரியாவின் இன்சுக்கா நகரில் கற்பித்தும் படைத்தும் வந்த அவர், மது பாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டையாக்கியும் மடித்தும் முறுக்கியும், செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்துச் சுவரளவுக்குப் பரப்புகிறார். எட்ட நின்று பார்த்தால் பொன்னும் சிவப்பும் கலந்து மடிப்பு மடிப்பாக விழும் நெய்த துணி போலத் தெரிகிறது. ஒரு முழத் தொலைவுக்கு வந்தால்தான் ரம், விஸ்கி வகைகளின் பெயர்கள் மூடிகளின் மேல் அச்சாகியிருப்பது கண்ணில் படுகிறது. மூடியின் கழுத்துப் பட்டையிலிருந்து வெட்டிய கீற்றுகள் ஓரிடத்திலும், வட்டமான மேற்பகுதிகள் வேறோரிடத்திலும் தனித்தனிப் பரப்புகளாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. கம்பியின் இரு முனைகளையும் திருகி உள்பக்கம் வளைத்துவிட்ட இடத்தில் விரல்களின் வேலை அப்படியே தெரிகிறது. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே மதுவும் அடிமைகளும் கைமாறிய வணிக வரலாற்றை இந்தப் பளபளப்பு சுமந்துகொண்டிருக்கிறது என்பதை உணர்வதற்கு அந்த நெருக்கம் தேவை. அருங்காட்சியகத்தில் தடுப்புக் கயிறும் காவலரும் நம்மை இரண்டடி தள்ளி நிறுத்துவார்கள். சந்தையில் அநேகமாக அந்தத் தடை இல்லை. இன்னொன்றும் உண்டு. அனட்சுயி தன் படைப்புகளுக்கு நிலையான வடிவம் வைப்பதில்லை. தொங்கவிடுபவரே மடிப்புகளை அமைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். ஆகவே அரங்கின் சுவர் எத்தகையதோ, அதற்கேற்பப் படைப்பும் மாறுகிறது. தற்காலிகச் சுவர் இந்தக் கலைஞருக்குக் குறையே இல்லை. 2015-இல் வெனிஸ் பினாலே என்ற பன்னாட்டுக் கலைக்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதை அளித்தது. ஆனால் அந்த விருதைக் குறிப்பிட்டுப் பெருமைப்படும் விளம்பரப் பலகையைவிட, கம்பி திருகிய அந்த முனையே அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

பாரதி கேரின் பொட்டுப் படைப்புகளும் இதே காரணத்தால் சந்தையில் நன்றாக நிற்கின்றன. கடையில் விற்கும் ஒட்டுப்பொட்டுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கடுக்காக ஒட்டி அவர் உருவாக்கும் பரப்புகளில், எந்த இடத்தில் ஒரு நிறம் இன்னொன்றின்மேல் ஏறுகிறது என்பதை அருகிலிருந்து பின்தொடர்வது தனி இன்பம். 2006-இல் அவர் செய்த, தரையில் சாய்ந்து கிடக்கும், நிஜ யானை அளவிலான கண்ணாடியிழை யானையின் உடல் முழுவதும் பொட்டுகளே தோலாகப் படர்ந்திருக்கும். அந்த யானையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் அதன் உருவத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள், அதன் தோலை அறிந்திருக்க மாட்டார்கள். சிஹாரு ஷியோட்டாவின் நூல் படைப்புகளைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதியில்லை. 2015 வெனிஸ் பினாலேயில் ஜப்பான் அரங்கின் கூரையிலிருந்து சிவப்பு நூல்களில் ஆயிரக்கணக்கான பழைய சாவிகளை அவர் தொங்கவிட்டபோது, பார்ப்பவர் அந்த வலைக்குள்ளேயே நடந்து போனார். சந்தைக்கு வரும்போது அதே கலைஞரின் நூல் வலை பெரும்பாலும் ஒரு சட்டகத்துக்குள் அடங்கி, நாற்காலியையோ உடையையோ சுற்றிக்கொண்டு நிற்கிறது. அழகாகவே இருக்கிறது. ஆனால் உள்ளே நுழைய வேண்டிய ஒன்றை வெளியே நின்று பார்க்கிறோம்.

சிற்பி அனிஷ் கபூரின் குழியாடிகளை, அதாவது உட்குழிந்து பளபளக்கும் பரப்புகளை, கிட்டத்தட்ட எல்லாப் பெரிய சந்தைகளிலும் பார்க்கலாம். அவற்றின் முன் எப்போதும் கைப்பேசியை உயர்த்திய கூட்டம் இருக்கிறது. வெற்றிடம் நம்மை உள்ளிழுக்கும் உணர்வுக்காகச் செய்யப்பட்ட ஒரு பரப்பில் எதிர் அரங்கின் விளக்குகளும் வருவோர் போவோரும் மட்டுமே தெரிகிறார்கள் என்றால், அந்த இடம் அதற்கு ஏற்றதல்ல.

உண்மையாகவே மனம் வருந்தும் இடம் அமைதியான படைப்புகளின் நிலைதான். 1937-இல் அலிகரில் பிறந்து, பல நாடுகளில் வாழ்ந்து, 2020-இல் லண்டனில் மறைந்த அச்சுக்கலைஞர் ஜரினா, வீட்டையும் வீடிழப்பையும் தவிர வேறெதையும் பெரிதாகப் பேசவில்லை. 1999-இல் அவர் உருவாக்கிய ‘ஹோம் இஸ் எ ஃபாரின் பிளேஸ்’ தொகுதியில் 36 மரச்செதுக்கு அச்சுகள் இருக்கின்றன; வாசற்படி, கதவு, சுவர் என்று வீட்டோடு ஒட்டிய ஒவ்வொரு நினைவுக்கும் கறுப்புக் கோடுகளால் ஆன ஒரு வடிவமும், அதன்கீழ் உருது எழுத்தில் ஒரு சொல்லும். இதை வரிசையாக, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மெல்ல நகர்ந்து பார்த்தால்தான் ஒரு முழு வாழ்க்கை விரிகிறது. மை காகிதத்தில் இறங்கிய ஓரம், மரத்தின் ரேகை பதிந்த இடம், கோடு முடிந்த பிறகு விடப்பட்டிருக்கும் வெற்றுத்தாள் ஆகியவை எல்லாம் கவனமாகப் பார்ப்பவருக்கு மட்டுமே கிடைக்கும். இத்தகைய அச்சுப் படைப்புகளைச் சந்தை அரங்கின் உள்மூலையில், கலைக்கூட ஊழியரின் மேசைக்குப் பின்னால், நாற்காலியில் தொங்கும் மேலங்கியோடு சேர்த்துப் பார்க்க நேர்கிறது. வெளிச்சுவரில் ஏதாவதொரு பளபளப்பான பெரிய ஓவியம் வருவோரை நிறுத்திக்கொண்டிருக்கும். வணிகக் கணக்கில் இது சரியாக இருக்கலாம். கலைஞருக்குச் செய்யும் மரியாதையாக எனக்குத் தோன்றவில்லை.

ஒலியும் காணொளியும் இன்னும் மோசமாக அடிபடுகின்றன. ஷில்பா குப்தா 2017–18-இல் உருவாக்கிய, ஓர் அறையையே படைப்பாக்கும் ஒரு நிறுவலில், கவிதை அச்சிட்ட தாள்களைக் குத்தி நிற்கும் 100 உலோகக் கம்பிகளுக்குமேல் 100 ஒலிவாங்கிகள் தொங்குகின்றன. எழுதியதற்காகச் சிறைப்பட்ட 100 கவிஞர்களின் வரிகளை அந்த ஒலிவாங்கிகளே ஒலிபெருக்கிகளாகி, ஒன்று சொல்ல மற்றவை ஏற்றுச் சொல்கின்றன. 2019 வெனிஸ் பினாலேயிலும் அது இடம்பெற்றது. இருண்ட அறையும் தொந்தரவில்லாத காதுகளும் இல்லாமல் இதை அனுபவிக்கவே முடியாது. சந்தை அரங்கில் காணொளிக்குக் கிடைப்பது ஒரு திரையும், ஒரு ஜோடி காதொலிப்பானும், உட்கார இடமில்லாத தரையும்தான். இருபது நிமிடப் படத்தை நின்றபடி பார்க்கும்போது பின்னால் ஒருவர் காத்திருப்பது தெரிந்தால் மனம் எப்படி ஒன்றும்? இவ்வகைப் படைப்புகளுக்குத் தனி அறையோ பெஞ்சோ கொடுக்க முடியாத கலைக்கூடம், அவற்றைக் கொண்டுவராமலே இருக்கலாம்.

இந்தக் குறைகளுக்கு நடுவில்தான் ஒற்றைக் கலைஞர் அரங்குகள் தனித்துத் தெரிகின்றன. ஆர்ட் பாசலில் இளம் கலைஞர்களின் தனி அரங்குகளுக்கென ‘ஸ்டேட்மென்ட்ஸ்’ என்ற பிரிவு இருக்கிறது. 1999 முதல் அந்தப் பிரிவிலிருந்து கலைஞர்களைத் தேர்ந்து பலோய்ஸ் கலைப் பரிசு வழங்கி வந்திருக்கிறார்கள், பரிசு பெற்றவர்களின் படைப்புகளை வாங்கி அருங்காட்சியகங்களுக்கு அளிப்பதும் அந்த ஏற்பாட்டில் அடங்கும். ஃப்ரீஸ் சந்தையில் இளம் கலைக்கூடங்களுக்கு ‘ஃபோகஸ்’ பிரிவு. ஆப்பிரிக்கச் சமகாலக் கலைக்கென்றே துரியா எல் க்ளவுயி 2013-இல் லண்டனில் தொடங்கிய ‘1-54’ போன்ற சிறு சந்தைகளும், அளவில் சிறியவை என்பதாலேயே, ஒரு கலைஞரோடு நம்மை அதிக நேரம் இருக்க விடுகின்றன. ஒரே கையின் வேலையை நான்கு சுவர்களிலும் பார்க்கும்போது, அவர் எதைத் திரும்பத் திரும்ப முயல்கிறார், எதில் தயங்குகிறார், எந்த அளவுக்கு மேல் போனால் அவருடைய கோடு தளர்கிறது என்பதெல்லாம் தெரியவருகிறது. பத்துப் பெயர்களின் பத்துப் படைப்புகளைப் பார்த்தால் மனத்தில் தங்குவது பெயர்கள் மட்டுமே. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு என் பரிந்துரை உறுதியானது: முதலில் இந்தப் பிரிவுகளுக்குப் போங்கள், புகழ்பெற்ற கலைக்கூடங்களின் நடுவழியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களை அருங்காட்சியகங்களில் பார்த்துக்கொள்ளலாம். இந்த இளம் கலைஞர்களை இன்னும் பல ஆண்டுகளுக்கு வேறெங்கும் பார்க்க வாய்க்காமல் போகலாம்.

அரங்குக்குள் அடங்காத படைப்புகளுக்காக ஆர்ட் பாசல் 2000-இல் தொடங்கிய ‘அன்லிமிடெட்’ பிரிவு, சந்தை என்ற வடிவம் தனக்குள்ளேயே செய்துகொண்ட மிகச் சிறந்த திருத்தம் என்பது என் கருத்து. 2024-இல் அங்கே வைக்கப்பட்ட கிறிஸ்டோவின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் இதற்குத் தக்க சான்று. 1963-இல் அவர் ஒரு பீட்டிலைத் துணியால் போர்த்திக் கயிற்றால் கட்டினார். அந்த யோசனையை 2014-இல், 1961-ஆம் ஆண்டு மாடல் காரொன்றில் மீண்டும் நிறைவேற்றினார். முழுக் கட்டடங்களைப் போர்த்தியதற்காக உலகம் அறிந்த ஒருவருடைய தொடக்ககாலச் சிந்தனையைச் சுற்றிச் சுற்றி வந்து, முடிச்சு எங்கே விழுகிறது, சக்கரத்தின் வளைவில் துணி எப்படி இறுகுகிறது என்று பார்க்க இடம் வேண்டும்; அந்த இடத்தை இப்பிரிவு தருகிறது. அதே ஆண்டு பாசலின் மெஸெபிளாட்ஸ் சதுக்கத்தில் ஆக்னஸ் டெனிஸின் கோதுமை வயல் வளர்ந்துகொண்டிருந்தது. 1982-இல் மன்ஹாட்டனின் தென்முனையில், நிதி நிறுவனங்களின் கோபுரங்களுக்கு அருகே, மண் கொட்டி நிரப்பிய இரண்டு ஏக்கர் நிலத்தில் கோதுமை விதைத்து அறுவடை செய்தவர் அவர். உணவையும் பசியையும் நிலத்தின் விலையையும் பற்றிய அந்தக் கேள்வியை, பணம் கைமாறும் ஒரு சந்தையின் வாசலில், பிடுங்கிக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்ட முடியாத பயிராகவே வைத்தது துணிச்சலான தேர்வு. சந்தை நடத்துபவர்களைப் பாராட்டுவதற்கு எனக்கு அடிக்கடி வாய்ப்புக் கிடைப்பதில்லை; இதற்காக மனமாரப் பாராட்டுகிறேன்.

சந்தையையே பொருளாகக் கொண்ட படைப்புகளும் இருக்கின்றன. 2011 ஃப்ரீஸில் கிறிஸ்டியன் யான்கோவ்ஸ்கி ஒரு சொகுசு விசைப்படகை விற்பனைக்கு வைத்தார். படகாக வாங்கினால் ஒரு விலை, கலைஞரின் சான்றிதழோடு கலைப்படைப்பாக வாங்கினால் அதைவிடக் கூடுதல் விலை. 2013-இல் பில்வி தகாலா அதே சந்தையில், தனக்குக் கிடைத்த படைப்பு நிதியிலிருந்து 7,000 பவுண்டை 8 முதல் 12 வயதுவரையுள்ள சிறுவர் சிறுமியரிடம் கொடுத்து, எப்படிச் செலவிடுவது என்று அவர்களே கூடி முடிவெடுக்கச் செய்தார்; அவர்கள் தேர்ந்தெடுத்தது காற்றடைத்துக் குதித்து விளையாடும் ஒரு கோட்டையை. குழந்தைகள் விவாதிக்கும் முறையைக் காட்டும் அந்தப் படைப்பு, பெரியவர்களின் பணப் பேச்சு நிறைந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. 2019 டிசம்பரில் மயாமி பீச்சில் மௌரிசியோ கட்டெலான் சுவரில் டேப்பால் ஒட்டிய வாழைப்பழத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 1,20,000 டாலர் என்ற விலையும், ஒருவர் அதைப் பிய்த்துத் தின்றதும் செய்தியாயின; 2024-இல் அதன் ஒரு பிரதி ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்குபவர் பெறுவது பழத்தை அல்ல, ஒரு சான்றிதழையும் தரையிலிருந்து 175 சென்டிமீட்டர் உயரத்தில் எப்படி ஒட்ட வேண்டும் என்ற விரிவான குறிப்புகளையும்தான். இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடுபவர்களோடு நான் உடன்படவில்லை. கருத்தையே பொருளாகக் கொண்ட கலைக்கு நீண்ட மரபு உண்டு. ஆனால் அந்தப் பழத்தைச் சூழ்ந்த கூட்டத்தால் நெரிசல் மிகுந்து, சந்தை முடியும் முன்பே அதை அகற்ற வேண்டியதாயிற்று. ஒரு படைப்பின் பரபரப்பு சுற்றியுள்ள மற்ற கலைஞர்களின் நேரத்தை எப்படித் தின்கிறது என்பதை அந்த ஒரு வாரம் நன்றாகவே காட்டியது.

சேவை என்ற அளவில் குறைகள் சில எல்லா இடங்களிலும் பொதுவானவை. பல அரங்குகளில் படைப்பின் பக்கத்தில் பெயர்ப்பலகையே இருப்பதில்லை. கலைஞர் யார், எந்த ஆண்டு, எந்தப் பொருளால் செய்தது என்று அறிய ஊழியரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பவர் வாங்கக்கூடியவரா என்று உடையைப் பார்த்து எடைபோடும் பார்வையை நானும் சந்தித்திருக்கிறேன். அதே நாளில் வேறோர் அரங்கில் ஓர் ஊழியர், நான் எதுவும் வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும், ஓர் ஓவியத்தின் அடிப்பூச்சு எத்தனை அடுக்கு என்று பொறுமையாக விளக்கினார். ஒரு கலைக்கூடம் தன் கலைஞரை எவ்வளவு மதிக்கிறது என்பதை அறிய இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமான முன்பார்வை நாள்களில் முக்கியமான படைப்புகள் விற்றுப்போய், பொதுமக்கள் வரும்போது அவற்றின் இடத்தில் வேறு படைப்புகள் ஏறியிருப்பதும் உண்டு. சீட்டு வாங்கியவருக்கு இது முன்கூட்டியே சொல்லப்பட வேண்டிய செய்தி.

இவ்வளவுக்கும் பிறகு கலைஞருக்கு என்ன கிடைக்கிறது? கலைக்கூடத்துக்கும் கலைஞருக்கும் விற்பனைத் தொகையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது பரவலான வழக்கம். ஒரு விற்பனை நிகழாவிட்டாலும், அருங்காட்சியகத்தாரின் கண்ணில் படுவது கலைஞரின் பாதையை மாற்றலாம். லண்டனின் டேட் அருங்காட்சியகம் 2003 முதலே ஃப்ரீஸ் சந்தையில் தனி நிதி கொண்டு படைப்புகளை வாங்கித் தன் சேகரிப்பில் சேர்த்து வந்திருக்கிறது. அப்படிச் சேர்ந்தவை பிறகு பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. தனியார் சேமிப்புக் கிடங்கில் பெட்டிக்குள் போய் அடங்கும் படைப்புகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை, அவற்றைக் கண்ணால் பார்க்கும் ஒரே தருணம் சந்தையின் அந்தச் சில நாள்கள்தான். சந்தையைக் குறைசொல்லிக்கொண்டே மீண்டும் அங்கே போவதற்கு எனக்கு இதுவே போதுமான காரணம்.

2020-இல் ஹாங்காங் சந்தை ரத்தானபோது ஆர்ட் பாசல் இணையக் காட்சி அறைகளைத் தொடங்கியது. இன்று பல சந்தைகளில் இது வழக்கமாகிவிட்டது. நேரில் போவதற்கு அது மாற்றாகாது. அனட்சுயியின் செப்புக் கம்பியின் கூர் திரையில் தெரிவதில்லை. ஆனால் போவதற்கு முந்தைய மாலையில் அரங்குப் பட்டியலையும் இந்தப் பக்கங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், எந்தக் கூடம் ஒரே கலைஞரோடு வந்திருக்கிறது, எந்தக் காணொளி எத்தனை நிமிடம் ஓடும், எந்தப் படைப்பு என்ன பொருளால் ஆனது என்ற விவரங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடுகின்றன. பெயர்ப்பலகை இல்லாத குறையும் அதனால் பாதி தீர்ந்துவிடும். பொதுமக்களுக்கான முதல் நாளில், கதவு திறந்தவுடன், அப்படிக் குறித்துவைத்த ஐந்தாறு அரங்குகளுக்கு நேராகப் போய்விடுங்கள். நண்பகலுக்குப் பிறகு கூட்டத்தில் எந்த அச்சுப் படைப்பின் முன்னும் நின்று பார்க்க இயலாது.